இரும்புக் கிடங்கும் அழற்சியும்: வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

சென்ற இதழில் ரத்தசோகை பற்றி எழுதியதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பாதிக்கும் மேற்பட்டவை ஃபெர்ரிட்டின் என்ற ஒரே பரிசோதனையைப் பற்றியே கேட்டிருக்கின்றன. 2020, 2021 ஆம் ஆண்டுகளில் கொரோனா நோயாளிகளின் அறிக்கைகளில் அழற்சியை அளக்கும் சிஆர்பி, ரத்த உறைவைக் காட்டும் டி-டைமர் ஆகியவற்றோடு சேர்ந்து நம் வீடுகளுக்குள் வந்த பெயர் இது. அன்று ஆபத்தின் அளவுகோலாக அறிமுகமான ஒன்று, இன்று இரும்புச்சத்தின் அளவுகோலாக அறிக்கையில் நிற்பதைக் கண்டு பலர் குழம்பியிருப்பது இயல்பே. வந்த கடிதங்களில் ஐந்தை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எனக்கு வயது 46. அண்டி ஆபீசில் முந்திரிப் பருப்புத் தோல் உரிக்கும் வேலை செய்கிறேன். ஆறு ஆண்டுகளாக முடக்குவாதம் இருக்கிறது. அண்மையில் எடுத்த பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.2, சிஆர்பி 38, ஃபெர்ரிட்டின் 64 என்று வந்தது. ஃபெர்ரிட்டினுக்கு எதிரே 'இயல்பு' என்று அச்சிட்டிருக்கிறது. உடலில் இரும்பு போதுமான அளவு இருப்பதால் மாத்திரை வேண்டாம் என்று மருந்துக்கடையில் சொல்கிறார்கள். மருத்துவரோ எனக்கு இரும்புச்சத்து குறைவு என்கிறார். யார் சொல்வதை நம்புவது?
வாசகி, கருங்கல்

பதில்: உங்கள் மருத்துவர் சொல்வதை நம்புங்கள். அறிக்கையில் அச்சிட்டிருக்கும் இயல்பு வரம்பு, உடலில் அழற்சி இல்லாத ஒருவரை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டது. உங்கள் மூட்டுகளிலோ ஆறு ஆண்டுகளாக அழற்சி கனன்றுகொண்டிருக்கிறது என்பதை சிஆர்பி 38 என்ற எண்ணே காட்டுகிறது.

வளர்ந்த ஒருவரின் உடலில் உள்ள மொத்த இரும்பு 3 முதல் 4 கிராம்தான். அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சிவப்பணுக்களின் ஹீமோகுளோபினில் இருக்கிறது; எஞ்சியதில் பெரும்பகுதி கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை ஆகியவற்றின் உயிரணுக்களுக்குள் ஃபெர்ரிட்டின் என்னும் புரதத்தில் சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது. இருபத்துநான்கு துணையலகுகள் ஒன்றோடொன்று பொருந்தி அமைந்த, உள்ளே வெற்றிடம் கொண்ட ஓர் உருண்டைதான் ஃபெர்ரிட்டின். ஓர் உருண்டைக்குள் 4,500 இரும்பு அணுக்கள் வரை அடங்கும். மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலில் இரும்பானது டைட்டானியத்தோடும் ஆக்சிஜனோடும் பிணைந்து இல்மனைட்டாக அடங்கிக் கிடப்பதை நீங்கள் அறிந்திருப்பீர்கள். ஃபெர்ரிட்டினுக்குள்ளும் இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து மிக நுண்ணிய கனிமத் துகளாகவே உறைந்திருக்கிறது. இவ்வளவு கட்டிக்காப்பதற்குக் காரணம் உண்டு. கட்டுப்பாடின்றித் திரியும் இரும்பு, உயிரணுக்களில் இயல்பாகவே உண்டாகும் ஹைட்ரஜன் பெராக்சைடைச் சந்தித்தால், தொட்டதையெல்லாம் சிதைக்கும் வினைத்துகள்கள் பிறக்கின்றன. இந்த வினைக்கு அடிப்படையான செய்தியை ஃபென்டன் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் 1894 ஆம் ஆண்டிலேயே பதிவு செய்தார்.

இந்தக் கிடங்குப் புரதத்தின் ஒரு சிறு பகுதி ரத்த ஓட்டத்திலும் காணப்படுகிறது. ஆய்வகம் அளப்பது அதைத்தான், கிடங்கையன்று. நலமாக உள்ள ஒருவரிடம் ரத்தத்தில் இருக்கும் அளவு, கிடங்கின் இருப்போடு ஒத்துப்போகும். 1970களில் இப்பரிசோதனை பழக்கத்துக்கு வந்ததன் அடிப்படையும் அதுவே. ஆனால் உடலில் அழற்சி இருக்கும்போது நோயெதிர்ப்பு உயிரணுக்கள் அனுப்பும் இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6, டிஎன்எஃப் போன்ற செய்திப் புரதங்கள் கல்லீரலையும், கிருமிகளையும் முதிர்ந்த அணுக்களையும் விழுங்கும் பெருவிழுங்கணுக்களையும் ஃபெர்ரிட்டினைக் கூடுதலாக உற்பத்தி செய்யத் தூண்டுகின்றன. அப்போது இரும்பு ஏறாமலே எண் மட்டும் ஏறுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2020 ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டுதல், நலமாக உள்ள பெரியவர்களுக்கு லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் இரும்புக் குறைவு என்றும், தொற்றோ அழற்சியோ உள்ளவர்களுக்கு 70-க்குக் கீழே இருந்தாலே குறைவு என்று கொள்ளலாம் என்றும் இரு வேறு எல்லைகளை வைத்திருப்பது இதனால்தான். உங்கள் 64 இரண்டாவது எல்லைக்கு உட்பட்டது. மில்லிலிட்டருக்கு இத்தனை நானோகிராம் என்று அறிக்கையில் இருந்தால் மலைக்க வேண்டாம். எண் இரண்டிலும் ஒன்றேதான்.

இதோடு முடிந்துவிடவில்லை. அழற்சி உங்கள் எண்ணை உயர்த்திக் காட்டுவதோடு, இருக்கும் இரும்பையும் பயன்படுத்த முடியாமல் பூட்டி வைக்கிறது. கன்னிப்பூ நடவுக்கு நாற்று காத்திருக்கிறது. பேச்சிப்பாறை அணையில் தண்ணீரும் நிற்கிறது. ஆனால் மதகைத் திறக்காததால் சானலில் ஒரு சொட்டும் வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வயல் காய்வதற்குக் காரணம் அணையின் வறட்சியன்று. உடலில் அந்த மதகுக்கு ஃபெர்ரோபோர்ட்டின் என்று பெயர். குடலின் உயிரணுக்களிலிருந்தும், முதிர்ந்த சிவப்பணுக்களைச் சிதைத்து அவற்றின் இரும்பை மீட்கும் பெருவிழுங்கணுக்களிலிருந்தும் இரும்பு ரத்தத்துக்கு வெளியேற இருக்கும் ஒரே வழி அதுதான். ஹெப்சிடின் என்ற, 25 அமினோ அமிலங்களே கொண்ட, கல்லீரலில் உருவாகும் சிறு புரதம் இந்த மதகின் மீது ஒட்டிக்கொண்டு அதையே உயிரணுவுக்குள் இழுத்து அழித்துவிடுகிறது. இச்செயல்பாடு 2004 ஆம் ஆண்டில் தெளிவானது. இன்டர்லூக்கின்-6 பெருகும்போதெல்லாம் ஹெப்சிடினும் பெருகும். ஒரு நாளைக்குப் புதிய சிவப்பணுக்களுக்குத் தேவையான 20 முதல் 25 மில்லிகிராம் இரும்பில் ஏறக்குறைய எல்லாமே பழைய சிவப்பணுக்களிலிருந்து மீட்கப்படுவது. உணவிலிருந்து சேர்வது 1 முதல் 2 மில்லிகிராம் மட்டுமே. ஆகவே மதகு அடைபட்டால் சிவப்பணுக்களை உருவாக்கும் எலும்பு மஜ்ஜை பட்டினி கிடக்க நேர்கிறது.

உடல் ஏன் தன்னையே இப்படிப் பட்டினி போட வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். நோய்க்கிருமிகளில் பெரும்பாலானவை இரும்பில்லாமல் பெருக முடியாதவை. தொற்று வந்ததும் இரும்பை ரத்தத்திலிருந்து அகற்றிக் கிடங்கில் அடைத்துக் கிருமியைப் பட்டினி போடுவது, உயிரினங்கள் மிக நெடுங்காலமாகக் கைக்கொண்டு வந்த தற்காப்பு. சில நாட்களில் தீரும் காய்ச்சலுக்கு அது உயிர்காக்கும் ஏற்பாடு. முடக்குவாதத்தில் எதிர்க்க வேண்டிய கிருமி இல்லை. ஆயினும் எச்சரிக்கை மணி ஓயாமல் அடித்துக்கொண்டே இருப்பதால், சில நாட்களுக்கென அமைந்த தற்காப்பு ஆண்டுக்கணக்கில் நீடித்து ரத்தசோகையாக முடிகிறது.

உங்களிடம் இந்தப் பூட்டும் உண்மையான பற்றாக்குறையும் சேர்ந்தே இருப்பதாகத் தெரிகிறது. ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதமான டிரான்ஸ்ஃபெரினில் எவ்வளவு பங்கு இரும்பால் நிரம்பியிருக்கிறது என்று காட்டும் டிரான்ஸ்ஃபெரின் செறிவு என்ற பரிசோதனையையும் செய்துகொள்ளுங்கள்; அது 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் மஜ்ஜைக்கு இரும்பு போதவில்லை என்பது உறுதியாகும். மூட்டுவலிக்கு நீங்கள் நாள்தோறும் வலிநிவாரணி விழுங்குபவராக இருந்தால், இரைப்பையில் வெளியே தெரியாத கசிவு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மாதவிலக்கு அதிகமாக இருந்தால் அதையும் கூச்சமின்றிச் சொல்லுங்கள். இரும்பு மாத்திரை விழுங்கியதும் ஹெப்சிடின் உயர்ந்து ஏறத்தாழ ஒரு நாள் வரை நிற்பதால், ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுக்கும் முறையைச் சில மருத்துவர்கள் கையாளுகிறார்கள். அழற்சி மிகுதியாக இருந்து குடல்வழி ஏறாது என்று கண்டால் ரத்தக்குழாய் வழியே இரும்பு செலுத்துவார்கள். எல்லாவற்றுக்கும் முன்பாக முடக்குவாத மருந்துகளைத் தவறாமல் எடுத்துக்கொள்ளுங்கள். இன்டர்லூக்கின்-6 இன் வேலையைத் தடுக்கும் மருந்து பெற்ற முடக்குவாத நோயாளிகளிடம் ஹெப்சிடின் தாழ்ந்து ஹீமோகுளோபின் உயர்வது ஆய்வுகளில் கண்டறியப்பட்டிருக்கிறது. அழற்சி அடங்கினால் மதகு தானே திறக்கும்.

கேள்வி: நான் முதுகலை விலங்கியல் மாணவன். அழற்சி வந்தால் ஃபெர்ரிட்டின் உயரும் என்று எல்லாப் பாடநூல்களும் சொல்கின்றன. ஃபெர்ரிட்டின் அழற்சியின் அடையாளம் மட்டும்தானா, அல்லது அதுவே அழற்சியைத் தூண்டவும் தணிக்கவும் கூடுமா?
வாசகர், நாகர்கோவில்

பதில்: நான் படித்த காலத்தில் இதை அடையாளம் என்று மட்டுமே கற்பித்தார்கள். இன்று அந்த விடை போதாது. ஃபெர்ரிட்டின் எங்கே இருக்கிறது, அதன் துணையலகுகளில் எந்த வகை மிகுந்திருக்கிறது என்ற இரண்டையும் கேட்காமல் உங்கள் கேள்விக்கு விடை சொல்ல முடியாது.

ஃபெர்ரிட்டினின் துணையலகுகள் இரு வகைப்படும். கனமான எச் சங்கிலி, கரைந்த நிலையில் தீங்கு செய்யக்கூடிய இரும்பை ஆக்சிஜனேற்றம் செய்து அடக்கும் நொதித்திறன் கொண்டது. எடை குறைந்த எல் சங்கிலிக்கு அத்திறன் இல்லை, அடங்கிய இரும்பு கனிமமாகப் படிய இடம் தருவது அதன் வேலை. இதயத்திலும் மூளையிலும் எச் வகை மிகுதி. கல்லீரலிலும் மண்ணீரலிலும் எல் வகை மிகுதி. 1937 ஆம் ஆண்டில் செக்கோஸ்லோவாக்கிய அறிவியலாளர் லாவ்ஃபர்கர் குதிரையின் மண்ணீரலிலிருந்து இப்புரதத்தை முதன்முதலாகப் படிகமாகப் பிரித்தெடுத்தார் என்பதையும் இங்கே நினைவுகூரலாம்.

உயிரணுவுக்கு உள்ளே இருக்கும் ஃபெர்ரிட்டின், பொதுவாக அழற்சியின் சேதத்தைத் தணிப்பது. டிஎன்எஃப் ஓர் உயிரணுவைத் தாக்கும்போது, அழற்சியை முடுக்கும் அதே என்எஃப்-கப்பா-பி என்ற கட்டுப்பாட்டுப் புரதமே எச் சங்கிலியின் உற்பத்தியையும் கூட்டுகிறது. அந்த எச் சங்கிலி இரும்பைப் பிடித்து வைத்து, ஆக்சிஜன் வினைத்துகள்கள் பெருகாமல் தடுத்து, உயிரணுவைச் சாவிலிருந்து காக்கிறது. தீயை மூட்டும் கையே தண்ணீரையும் எடுத்து வைப்பதைப் போன்ற இந்த ஏற்பாடு 2004 ஆம் ஆண்டில் விளக்கப்பட்டபோது, அழற்சி என்பதைப் பற்றிய என் எண்ணமே மாறியது என்பதை உங்களிடம் சொல்லத்தான் வேண்டும். 2012 ஆம் ஆண்டில் எலிகளில் நடந்த ஆய்வொன்று, எச் சங்கிலி போதுமான அளவு இருந்தால் மலேரியா ஒட்டுண்ணியின் எண்ணிக்கை குறையாவிட்டாலும் உறுப்புகள் சேதமடையாமல் தப்பிக்கின்றன என்று காட்டியது. 2017 ஆம் ஆண்டில் வந்த மற்றோர் எலி ஆய்வு, கடும் ரத்தத் தொற்றின்போது கல்லீரல் குளுக்கோசைத் தொடர்ந்து உற்பத்தி செய்யவும் அதனால் விலங்கு உயிர்பிழைக்கவும் எச் சங்கிலி இன்றியமையாதது என்று நிறுவியது. கிருமியைக் கொல்லாமலே நோயைத் தாங்கும் வல்லமையை இப்புரதம் தருகிறது என்பது இவ்விரண்டின் பொருள்.

உயிரணுவுக்கு வெளியே வந்த ஃபெர்ரிட்டினின் குணம் வேறு. ரத்தத்தில் உலவுவது பெரும்பாலும் எல் வகை, அதுவும் இரும்பு மிகக் குறைந்த வெறுங்கூடு. ஆகவே அது இரும்பைச் சுமந்து செல்லும் வண்டி என்று மட்டும் சொல்லிவிட முடியாது. செய்தி சுமப்பதாகவும் இருக்கலாம் என்ற ஐயம் அங்கிருந்தே பிறந்தது. எலியின் கல்லீரலில் தழும்பை உருவாக்கும் விண்மீன் வடிவ உயிரணுக்களோடு ஃபெர்ரிட்டினைச் சேர்த்தபோது அவற்றுள் என்எஃப்-கப்பா-பி விழித்தெழுந்து, இன்டர்லூக்கின்-1 பீட்டா போன்ற அழற்சிப் பொருட்கள் சுரந்தன என்று 2009 ஆம் ஆண்டு ஆய்வொன்று தெரிவித்தது. அந்தத் தூண்டல் இரும்பின் அளவைச் சார்ந்திருக்கவில்லை என்பதுதான் அதில் முதன்மையான செய்தி. மறுபுறம், எச் வகை ஃபெர்ரிட்டின், நோயெதிர்ப்பில் பங்கேற்கும் டி-அணுக்களின் பெருக்கத்தை அடக்குவது ஆய்வுக்கூடச் சோதனைகளில் காணப்பட்டிருக்கிறது. மனித உயிரணுக்களில் டிரான்ஸ்ஃபெரின் ஏற்பி-1 என்ற வாயில் வழியாகவே எச் ஃபெர்ரிட்டின் உட்புகுகிறது என்பது 2010 ஆம் ஆண்டில் தெரியவந்தது. இவற்றில் பெரும்பாலானவை எலியிலும் வளர்ப்பு உயிரணுக்களிலும் கண்டவை என்பதை மறவாமல், மனிதனுக்கு அப்படியே பொருத்திவிடாமல் படியுங்கள். என் கணிப்பைக் கேட்டால், கடும் அழற்சி நோய்களில் ரத்தத்தில் பெருகும் ஃபெர்ரிட்டின் வெறும் சாட்சியாக நிற்கவில்லை; சண்டையில் அதற்கும் ஒரு பங்கு உண்டு.

கேள்வி: ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டும் என் கணவருக்கு டெங்கு வந்து மருத்துவமனையில் சேர்த்தோம். ஆறாம் நாள் ஃபெர்ரிட்டின் 3,400 என்று இருந்தது. வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் கழித்து 410. ரத்தத்தில் இரும்பு மிகுந்துவிட்டதென்று உறவினர்கள் சொன்னதால் மீன், இறைச்சி, கீரை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். அவர் மிகவும் மெலிந்துவிட்டார்.
வாசகி, குலசேகரம்

பதில்: இன்றே அவருக்கு மீன் சமைத்துக் கொடுங்கள், அம்மா. அந்த 3,400 உணவிலிருந்து வந்ததன்று. டெங்குவில் பெருவிழுங்கணுக்கள் கடுமையாகக் கிளர்ச்சியுற்று ஃபெர்ரிட்டினை மிகுதியாக வெளியிடுகின்றன. கல்லீரல் உயிரணுக்கள் சேதமடையும்போதும் அது வெளியே கசிகிறது. காய்ச்சல் தணிந்து எண் 410-க்கு இறங்கியிருப்பது அவர் தேறி வருவதைக் காட்டும் நல்ல அறிகுறி. நோயிலிருந்து எழுந்தவருக்குப் புரதமும் இரும்பும் தேவை.

அஞ்ச வேண்டிய நிலை ஒன்று உண்டு, அது வேறு விதமாகத் தோன்றும். காய்ச்சல் விடாமல் நீடித்து, ரத்த அணுக்கள் ஒரே நேரத்தில் குறைந்து, மண்ணீரல் பெருத்து, ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு உயர்ந்து, ரத்தம் உறைய உதவும் ஃபைப்ரினோஜென் தாழ்ந்து, ஃபெர்ரிட்டின் ஆயிரங்களில் ஏறிக்கொண்டே போனால், நோயெதிர்ப்பு மண்டலம் கட்டுமீறிப் பெருவிழுங்கணுக்கள் உடலின் சொந்த ரத்த அணுக்களையே விழுங்கத் தொடங்கியிருக்கலாம் என்று மருத்துவர்கள் ஐயுறுவார்கள். குழந்தைகளில் 10,000-ஐத் தாண்டிய ஃபெர்ரிட்டின் அந்த ஐயத்தை வெகுவாக உறுதிப்படுத்துகிறது. டெங்குவும், புதர்களில் வாழும் சிற்றுண்ணி கடித்து வரும் ஸ்கரப் டைஃபஸ் காய்ச்சலும் அரிதாக இந்நிலைக்கு இட்டுச் செல்வதுண்டு. புதரிலும் ஈரத்திலும் வேலை செய்பவர் என்பதால், அவருக்கு மீண்டும் காய்ச்சல் வந்தால் இடுப்பு, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் கருகிய சிறு புண் ஏதும் தெரிகிறதா என்று பாருங்கள். அது ஸ்கரப் டைஃபஸின் அடையாளம். மருத்துவரிடம் அதைக் காட்டினால் தாமதமின்றிச் சரியான மருந்து தொடங்குவார்.

கேள்வி: வளைகுடாவில் இருபது ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். வயது 52. நீரிழிவும் கொழுப்புக் கல்லீரலும் இருக்கின்றன. ஃபெர்ரிட்டின் 480, டிரான்ஸ்ஃபெரின் செறிவு 28 சதவீதம். ரத்தம் எடுத்துவிட்டால் கல்லீரல் சரியாகிவிடும் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார்.
வாசகர், குளச்சல்

பதில்: உடலில் இரும்பு மிகையாகச் சேர்ந்திருந்தால் டிரான்ஸ்ஃபெரின் செறிவு பொதுவாக 45 சதவீதத்தைத் தாண்டும். உங்களுக்கு 28 என்பதால், 480 என்ற எண் பெரும்பாலும் கொழுப்புக் கல்லீரலில் தணலாகக் கிடக்கும் அழற்சியின் வெளிப்பாடே. பரம்பரையாக இரும்பு மிகும் ஹீமோகுரோமடோசிஸ் நோயின் பரவலான வகை வட ஐரோப்பிய வம்சாவளியினரிடம் மிகுதி. நம் நாட்டில் அரிது. கொழுப்புக் கல்லீரலுக்காக ரத்தம் எடுத்துப் பார்த்து ஒப்பிட்ட ஆய்வில் கல்லீரலுக்குப் பலன் தெரியவில்லை. மது அருந்தும் பழக்கம் இருந்தால் முழுவதுமாக நிறுத்துங்கள். அது தனியாகவே ஃபெர்ரிட்டினை உயர்த்தக்கூடியது. உடல் எடையில் 7 முதல் 10 சதவீதத்தைக் குறைத்தால் கல்லீரல் அழற்சி குறைவதைக் காணலாம். ஃபெர்ரிட்டினும் அதனோடு இறங்கும்.

கடற்கரையில் வாழ்பவர் என்பதால் இன்னொன்றையும் சொல்கிறேன். நாட்பட்ட கல்லீரல் நோயோ உண்மையான இரும்பு மிகையோ உள்ளவர்களை விப்ரியோ வல்னிஃபிகஸ் என்ற கடல்நீர்ப் பாக்டீரியா மிகக் கடுமையாகத் தாக்கக்கூடும். கட்டற்ற இரும்பு கிடைத்தால் அது கட்டுக்கடங்காமல் பெருகும். மேலே சொன்ன கிருமிப் பட்டினியின் அருமை அங்கேதான் புலப்படுகிறது. சமைக்காத சிப்பி வகைகளை உண்ணாதீர்கள். காலில் புண் இருக்கும்போது கடலில் இறங்காதீர்கள். மீன் முள் குத்திய இடம் சில மணி நேரத்துக்குள் சிவந்து வீங்கிக் கொப்புளமிட்டால் மறுநாள் பார்க்கலாம் என்று இருந்துவிடாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கேள்வி: முருங்கைக்கீரை தின்றால் ஃபெர்ரிட்டின் ஏறுமா?
வாசகி, தக்கலை

பதில்: உணவுக் குறைவால் இரும்பு தாழ்ந்தவருக்கு மெல்ல ஏறும். கீரையிலுள்ள இரும்பு எளிதில் உட்கிரகிக்கப்படாதது என்பதால் எலுமிச்சையோ நெல்லிக்காயோ உடன் சேர்த்துக்கொள்ளுங்கள். மீனிலும் இறைச்சியிலும் உள்ள இரும்பின் ஒரு பகுதி அதைவிட எளிதாக உடலில் சேரும்; மரச்சீனியோடு சாளை மீன் குழம்பு சாப்பிடும் நம் வழக்கம் அவ்வகையில் நல்லதே. சாப்பிட்ட கையோடு கட்டன் சாயா குடிப்பதை மட்டும் ஒரு மணி நேரமாவது தள்ளிப் போடுங்கள். தேயிலையில் உள்ள பாலிஃபீனால்கள் இரும்பைப் பிடித்துக்கொண்டு குடலில் ஏறவிடாமல் செய்கின்றன. கருங்கல் வாசகியைப் போல நாட்பட்ட அழற்சி உள்ளவருக்கோ, கீரை எவ்வளவு தின்றாலும் அழற்சிக்கு மருந்து எடுக்காதவரை ரத்தசோகை முழுமையாகத் தீராது.